வாடகை வீடு, ஒரே படுக்கையறை: எழுதுவதற்கு ஒரு மூலை அமைப்பது எப்படி?

வைகைக்கரையாள்:

வணக்கம். மதுரையில் ஒரு வாடகை வீட்டின் மாடிப் போர்ஷனில் இருக்கிறோம், அதற்கு மேலே மொட்டைமாடிதான். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்ளும் சமையலறை. நான், கணவர், மாமியார், மூன்றாம் வகுப்பு படிக்கும் பையன். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, இரவில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எழுதுவது கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் தலையணை, அதன் மேல் லேப்டாப். கழுத்தும் வலது தோளும் போய்விட்டன. டைனிங் டேபிளுக்கு மாறிப் பார்த்தேன், அங்கே பையனின் வீட்டுப்பாடம், கீரை ஆய்வது, கேஸ் புத்தகம், மருந்து டப்பா எல்லாம் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஹாலில் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்கும் சீரியல் பத்து மணி வரை ஓடும், மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தம் தெருமுனை வரை கேட்கும். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் முதல் கோலமாவு விற்கிறவர் வரை எல்லோரும் இப்போது ஒலிப்பதிவு போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் அம்மன் கோயில், ஆடி மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

படுக்கையறையில் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நாலடி அகலத்துக்கு வெறும் சுவர் இருக்கிறது, அதை எழுதும் இடமாக மாற்ற ஆசை. சுவரில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை இருக்கிறது. மேசையா, தரையில் உட்காருவதா? ஜன்னலைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா? சத்தத்துக்கும் மேல்தளத்துச் சூட்டுக்கும் என்ன செய்யலாம்? போனை அணைத்து வைக்க முடியாது, பள்ளியிலிருந்தோ ஊரிலிருந்து அம்மாவிடமிருந்தோ அழைப்பு வரலாம்.

ஒன்று மட்டும். விடியற்காலை எழுந்து எழுதுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என் விடியற்காலை தண்ணீர் மோட்டாருக்கும் மூன்று டிபன் டப்பாவுக்கும் எப்போதோ பதிவாகிவிட்டது.

இழைப்புளி:

அக்கா, நான் மர வேலைக்காரன், மேசை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

கடையில் போய் மேசை வாங்கினால் பெரும்பாலும் 29, 30 அங்குல உயரத்தில்தான் கொடுப்பார்கள். அது ஆறடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சரி. நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம். அவர்கள் அந்த உயரத்தில் கையை வைத்துத் தட்டச்சு செய்தால் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், ஒரு மணி நேரம் அப்படி இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? முதலில் ஒரு நாற்காலியில் பாதம் இரண்டும் தரையில் பதியும்படி உட்காருங்கள், மேல்கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள், தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுதான் உங்கள் மேசையின் உயரம். ஓர் அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம்.

பிளைவுட் ஒரு ஷீட் எட்டுக்கு நாலடி. அதில் நாலுக்கு இரண்டு பலகை நான்கு வரும், உங்களுக்கு ஒன்று போதும். முழு ஷீட் வாங்கத் தேவையில்லை, ஏதாவது மரப் பட்டறையில் கேட்டால் வேறு வேலையில் மிஞ்சிய துண்டாகவே கிடைக்கும், 18 எம்.எம். கனம் கேளுங்கள். மலிவாக இருக்கிறதே என்று பார்ட்டிகிள் போர்டு எடுக்காதீர்கள், ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும், நாளாக நாளாக நடுவில் தொய்யும். இரண்டடி ஆழம் கட்டாயம் வேண்டும். ஒன்றரை அடி போதும் என்பார்கள், நோட்டுப் புத்தகத்துக்குப் போதும், லேப்டாப்பைத் தள்ளி வைக்க இடம் இருக்காது. முன்பக்க விளிம்பை உருட்டி இழைக்கச் சொல்லுங்கள், கூராக விட்டால் மணிக்கட்டில் கோடு விழும். மேலே மைக்கா ஒட்டினால் பளபளப்பில்லாத ரகம், அதுவும் வெள்ளை வேண்டாம், விளக்கு வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும்.

கால்களுக்கு வெல்டிங் பட்டறையில் ஒரு அங்குலச் சதுரக் குழாயில் ஃபிரேம் அடித்து, அடியில் ரப்பர் புஷ் போட்டுவிடுங்கள். சுவரில் ஒரு ஓட்டைகூட வேண்டாம், வீடு மாறும்போது பலகையைக் கழற்றி எடுத்துப் போகலாம்.

நாற்காலி புதிதாக வாங்காதீர்கள். அலுவலகங்கள் காலி செய்யும்போது வரும் பழைய சுழல் நாற்காலிகளை விற்கும் கடை எல்லா ஊரிலும் உண்டு. அங்கே போய் உயரத்தை முழுக்க ஏற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் கேஸ் லிஃப்ட் போய்விட்டது, தொடாதீர்கள்.

சாய்வுமேசை:

எல்லோரும் நாற்காலி நாற்காலி என்கிறார்கள். தரையில் உட்கார்ந்து எழுதிப் பாருங்களேன். கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வு மேசை இருக்கிறதல்லவா, மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே தாள், பேனா எல்லாம் போட்டுக்கொள்ளலாம், அதில்தான் எழுதுகிறேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும், ஆனால் இப்போது அலங்காரப் பொருளாக வாங்குகிறவர்கள் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மேலே பேசியிருக்கும் தம்பி மாதிரி ஒருவரிடம் கொடுத்தால் அதே அளவில் புதிதாகவே செய்து தருவார்.

தரையின் நன்மை, கடைசி மாடியில் சூடு மேலிருந்து இறங்கும், தரைதான் அறையிலேயே குளிர்ச்சியான இடம். அப்புறம், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் சும்மா சும்மா எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பல் எழுத்துக்கு நல்லது. போனை ஹால் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எழுந்து போய் எடுக்க மனசு வராது.

நான் முதல் வரைவைக் கையால்தான் எழுதுவேன், கோடு போடாத ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும். லேப்டாப் திறப்பது தட்டச்சு செய்ய மட்டும்தான், அதற்குள் கதை முடிந்திருக்கும். திரை இல்லையென்றால் கவனம் சிதறுவது பாதி குறைந்துவிடும், எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.

முட்டிவலி:

நான் இயன்முறை மருத்துவர் (பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்). சாய்வு மேசை ஐயாவுக்கு ஒரு சின்ன மறுப்பு. கையால் எழுத அது அருமையான சாமான்தான், தாள் கண்ணை நோக்கிச் சாய்ந்திருப்பதால் கழுத்து குறைவாக வளைகிறது. அதே மேசையில் லேப்டாப்பை வைத்தால் அந்த நன்மை போய்விடும். தரையில் சுவரில் சாயாமல் வெகுநேரம் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூன் போடும், கீழே ஒரு மடித்த போர்வையோ கெட்டியான தலையணையோ போட்டு இடுப்பை முட்டியைவிட உயரமாக்கினால் சரியாகும். ஏற்கெனவே முட்டியில் தொந்தரவு இருப்பவர்கள் தரைப் பக்கமே போகாதீர்கள்.

வைகைக்கரையாள், உங்கள் வலிக்குப் பெரிய காரணம் லேப்டாப்பின் அமைப்பே. திரையும் விசைப்பலகையும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் தலை தொங்கும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். இரண்டையும் பிரிக்க வேண்டும். தனியாக ஒரு யு.எஸ்.பி. விசைப்பலகை வாங்குங்கள், சாதாரணமானது அறுநூறு எழுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அப்புறம் லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வருமாறு வையுங்கள். தூரம், கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கு என்று இருந்தால் மட்டும் திரையை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டு படிப்பீர்கள்.

நாற்காலியில் பாதம் தொங்கினால் பழைய மணைக்கட்டை ஒன்று கீழே போதும். கீழ்முதுகில் பூத்துவாலையைச் சுருட்டி வையுங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும், போகிற வழியில் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கண்ணுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 நொடி பார்ப்பது. எதிர்வீட்டு வேப்பமரம் இருந்தால் போதும்.

வைகைக்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. பையனை வைத்து அளந்தேன், இருபத்து நாலரை அங்குலம் வருகிறது. டைனிங் டேபிள் முப்பது. இத்தனை நாள் வலி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. இழைப்புளி, இருபத்தைந்தில் அடித்தால் கணவர் உட்கார்ந்தால் முட்டி இடிக்குமா?

சத்தத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வராது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், ஒட்டலாமா?

ஒலிக்கட்டு:

முட்டை அட்டையை மறந்துவிடுங்கள். ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒருவர் கேட்கிறார். அட்டையும் ஸ்பாஞ்சும் அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம், வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தாது. சத்தத்தைத் தடுப்பது கனம். அதோடு காற்று நுழையும் இடுக்கு இல்லாமை. தண்ணீர் கசிவதுபோலத்தான் சத்தமும், சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கதவுக்கடியில் அரை அங்குலச் சந்து இருந்தால் அந்த வழியே முழு சீரியலும் உள்ளே வந்துவிடும். அந்தச் சந்தை அடைக்க ரப்பர் பட்டை ஹார்ட்வேர் கடையில் இருக்கிறது, கதவில் ஒட்ட ஓனர் முறைத்தால் பழைய போர்வையைச் சுருட்டி வையுங்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பொதுவான சுவரில் பீரோவை நகர்த்த முடியுமா? துணி அடைத்த பீரோ நல்ல தடுப்பு. டிவி அதே சுவரில் மாட்டியிருந்தால் அதை வேறு சுவருக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

ஆனால் உங்கள் வீட்டில் பணம் செலவு செய்ய வேண்டிய இடம் கதவு இல்லை, மாமியாரின் நாற்காலி. அவர் டிவியிலிருந்து பத்துப் பன்னிரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார், அந்தத் தூரத்தைத் தாண்டிக் கேட்பதற்காகத்தான் சத்தத்தை ஏற்றுகிறார். ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை அவர் காதருகே, நாற்காலிக் கைப்பிடிப் பக்கம் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானாலே ஒலி 6 டெசிபெல் கூடுகிறது, பத்தடியை ஓரடியாக்கினால் டிவி சத்தத்தை எவ்வளவு இறக்கலாம் என்று நீங்களே பாருங்கள். வீட்டுக்குள் அந்த அளவுக்கு இருக்காது, இருந்தாலும் நிச்சயம் தெரியும். டிவியில் ப்ளூடூத் இல்லாவிட்டால் ஆடியோ அவுட் துளையில் செருகும் டிரான்ஸ்மிட்டர் தனியாகக் கிடைக்கிறது. ஹெட்போன் வேண்டாம், அவரைத் தனியாக ஒதுக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும், காலிங் பெல்லும் கேட்காது. கூடவே ஒருமுறை காது பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள், எழுத்துக்காகச் சொல்லவில்லை.

மிச்சச் சத்தத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் காதடைப்பான். பலர் அதைச் சும்மா காது வாசலில் செருகிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். விரலால் நூல்போல உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கும் விலையுயர்ந்த ஹெட்போன்கள் ஃபேன், ஏசி, பஸ் உறுமல் போன்ற ஒரே சீரான ஒலிக்குத்தான் பிரமாதம், பேச்சுக்குரலை அந்த அளவுக்கு அடக்காது. சீரியல் மாமியார்கள் அதையும் தாண்டி வருவார்கள்.

கோயில் குழாய் பற்றி: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு எல்லை பகலில் 55 டெசிபெல், இரவில் 45. சட்டம் இருக்கிறது, ஆனால் புகார் கொடுத்துவிட்டு அதே தெருவில் குடியிருக்க வேண்டுமே. கூம்புக் குழாய் ஒலியை ஒரே திசையில்தான் அதிகம் அனுப்பும். ரேடியோ செட் கட்ட வருகிற பையனிடம் கட்டும்போதே, தம்பி, குழாயைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டப்பா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் செய்வார்கள்.

மொட்டைமாடி:

சூடு, வெளிச்சம் இரண்டுக்கும் சுருக்கமாக. காங்கிரீட் கூரை பகலெல்லாம் வெயில் குடித்து இரவில்தான் அதைக் கீழே விடும், அதனால்தான் எட்டு மணிக்குப் பகலைவிடப் புழுக்கமாக இருக்கிறது. மார்ச் கடைசியிலேயே ஓனரிடம் கேட்டு மாடியில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், செலவு நாமே ஏற்கிறோம் என்றால் யாரும் வேண்டாம் என்பதில்லை. மேற்கு ஜன்னல் என்றால் உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது பல மடங்கு மேல், வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். ஃபேன் மாற்றும் எண்ணம் இருந்தால் பி.எல்.டி.சி. ரகம் 30 வாட் அளவில் ஓடும், பழையது 75 வாட். மின்சாரம் போனாலும் இன்வர்ட்டரில் அதிக நேரம் வரும், குறைந்த வேகத்தில் அந்த ரெகுலேட்டர் ரீங்காரமும் இருக்காது.

மேசையை ஜன்னலுக்கு நேராகவும் போடாதீர்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படியும் போடாதீர்கள். முதலாவதில் கண் கூசும், இரண்டாவதில் திரையில் உங்கள் ஜன்னலே தெரியும். பக்கவாட்டில் வரட்டும், வலது கையால் எழுதுபவர் என்றால் இடப்பக்கம். உங்கள் நாலடிச் சுவர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் வெளிச்சம் ஓரத்திலிருந்து வரும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: உங்கள் அறை விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால் மேசைமேல் நிழல் வெட்டி வெட்டி ஓடும். ஏன் தலை வலிக்கிறது என்றே தெரியாது. மேசைக்குத் தனியாக ஒரு விளக்கு, 9 வாட் எல்.இ.டி., 4000 கெல்வின் என்று போட்டிருக்கும் நடுத்தர வெள்ளை. தூங்கும் பையன் அதே அறையில் என்றால் குடை மூடிய விளக்காக வாங்கித் தாழ்வாக வையுங்கள்.

தமிழ்99:

மேசையெல்லாம் சரி, விசைப்பலகையில் என்ன முறையில் தட்டுகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே? ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்து, அது தமிழாக மாறியதா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் திரையைப் பார்த்து, கீழே தொங்கும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவதும் கவனச்சிதறல்தான், அதுவும் நாம் எழுதும் வாக்கியத்துக்கு உள்ளேயே நடக்கும் சிதறல். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும், ந-வுக்குப் பின் த தட்டினால் ‘ந்த’ வந்துவிடும். ‘அம்மா’வுக்கு நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. தினம் அரைமணி நேரம் பழகினால் சில வாரங்களில் விரல் தானாகப் போகும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், நாவலை அதில் எழுதாதீர்கள், மளிகைப் பட்டியலை எழுதிப் பழகுங்கள்.

கணினியில் எழுத்துக்கு மட்டும் தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். அதில் பிரவுசர் இருக்கும், ஆனால் எந்தத் தளத்திலும் நீங்கள் உள்நுழைந்திருக்க மாட்டீர்கள், கடவுச்சொல்லும் சேமித்திருக்காது. ஃபோகஸ்ரைட்டர் என்று இலவச மென்பொருள் உண்டு, திரை முழுவதும் தாள் மட்டும் தெரியும், மணிகூடத் தெரியாது. அது வேண்டாமென்றால் லிப்ரே ஆபீஸிலேயே முழுத்திரை வைத்துக்கொள்ளலாம்.

போனை அணைக்க வேண்டியதே இல்லை. ஆண்ட்ராய்டில் தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பில் நட்சத்திரம் இட்ட எண்களின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். பள்ளி, அம்மா, அவ்வளவுதான். வேறு யாராவது உண்மையிலேயே அவசரமாகக் கூப்பிட்டால், 15 நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிடுபவரை அனுமதி என்ற ஒரு வசதியும் அங்கேயே இருக்கிறது.

நத்தம்ரோடு:

மதுரையில் இருந்துகொண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது ஆச்சரியம். 2023-இல் திறந்தது, புது நத்தம் சாலையில். ஏசி, காசு கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், லேப்டாப்பில் முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு சீக்கிரம் போங்கள். சனி ஞாயிறில் ஒரு வேளை அங்கே, வாரநாள் இரவில் வீட்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். வீட்டில்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது?

கதவுக்கொண்டி:

நத்தம்ரோடு, பூங்காவில் ஒரு ஆண் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் எழுத்தாளர் என்பார்கள், நான் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஒருவர் வந்து என்னம்மா தனியா உக்காந்திருக்க, வீட்டுல ஏதும் பிரச்சினையா என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிற பெண்ணுக்கு அந்தப் படுக்கையறை மூலையே தேவைப்படாது.

வைகைக்கரையாள், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மாமியார் வருகிறார், பையன் வருகிறான், ஹவுஸ் ஓனர் வருகிறார், அம்மன் வருகிறாள். கணவர் முதல் பத்தியில் ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் நடுவில் வந்ததோடு சரி. அப்புறம் இரண்டாம் பதிவில் அவர் முட்டி இடிக்குமா என்று கேட்கிறீர்கள்! இடிக்கட்டுமே. அவர் எதற்கு அதில் உட்கார வேண்டும்? இன்றைக்கு அவர் உட்கார்ந்தால் நாளைக்கு அவர் ஹெல்மெட் அதன் மேல் இருக்கும், நாளை மறுநாள் கரண்ட் பில், அடுத்த வாரம் அயர்ன் பண்ண வேண்டிய துணி. நாலடிப் பலகை இந்த வீடுகளில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மேசை வருகிற அன்றே சொல்லிவிடுங்கள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி: இதன் மேல் வேறு எதுவும் வைக்கக் கூடாது.

நேரத்தையும் அப்படியே. எட்டரை முதல் பத்து வரை என்று வையுங்கள். அந்த நேரத்தில் பையனின் வீட்டுப்பாடம், அத்தைக்கு மாத்திரை, பால்காரர் கணக்கு எல்லாம் அவருடையது. உதவியாக இல்லை, அவருடைய வேலையாக. நான் எழுதும்போது கதவைச் சாத்திக் கொண்டி போடுவேன். ஆரம்பத்தில் வீட்டில் கோபித்துக்கொண்டுதான் கதவைச் சாத்துகிறேன் என்று நினைத்தார்கள், இரண்டு மூன்று பேர் சமாதானம் பேசவே வந்தார்கள். இப்போது மாவு தீர்ந்துவிட்டது என்பதைக்கூடக் கதவடியில் சீட்டு எழுதித் தள்ளிவிடுகிறார்கள்.

இழைப்புளி:

கதவுக்கொண்டி அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்டதற்குப் பதில்: இருபத்தைந்தில் அடித்தால் மேல்பலகை முக்கால் அங்குலம் போக, அடியில் ஃபிரேம் குழாய் ஒரு அங்குலம் போக, முட்டிக்கு இருபத்து மூன்று அங்குலத்துக்கு மேல் மிஞ்சும், உங்களுக்குத் தாராளம். இழுப்பறை மட்டும் போடாதீர்கள், அந்த இடத்தைத் தின்றுவிடும். உயரமானவருக்குக் கஷ்டம்தான்.

வைகைக்கரையாள்:

கதவுக்கொண்டி, கமா விஷயத்தைக் கணவரிடமே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் எட்டரை என்றால் கிரிக்கெட் இருக்கிற நாளில் என்ன செய்வது என்று கேட்டார். டிவி எப்படியும் அத்தை கையில்தான் இருக்கிறது என்றேன். வீட்டுப்பாடத்துக்கு ஒப்புக்கொண்டார், மாத்திரைக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஸ்பீக்கர் யோசனை அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கி வைத்துப் பார்த்தோம், முப்பத்தெட்டில் இருந்த சத்தம் பதினாலுக்கு இறங்கியது. இதுவரை வசனம் பாதி புரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அடுத்த வாரம் காது பார்க்க அழைத்துப் போகிறேன்.

பட்டறையில் ஃபிரேமுக்கு மூவாயிரத்து ஐந்நூறு கேட்கிறார்கள், பிளைவுட் துண்டு தனி. பெயிண்ட் அடித்துத் தருவார்களாம். சரியான விலையா?

இழைப்புளி:

பெயிண்டோடு என்றால் பேசிப் பாருங்கள், மூவாயிரத்துக்கு வருவார். ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்துவிட்டு அதன் மேல் பெயிண்ட் அடிக்கிறாரா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு வந்து தரையில் கறை பிடிக்கும், ஓனருக்குப் பதில் சொல்ல முடியாது. நாலு காலும் ஒரே மட்டமா என்று பட்டறையிலேயே சிமெண்ட் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.